பாடும் பிரேக்மேன் ஜிம்மி ராட்ஜர்ஸ்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில், மெரிடியன் என்று ஓர் ஊர். பல ரயில் பாதைகள் வந்து கூடும் ஜங்ஷன். அந்த நாளில் பருத்தியும் மரமும் ஏற்றிய சரக்கு வண்டிகள் இரவு பகலாக வந்து போகும். நம் பக்கத்தில் ஜோலார்பேட்டை, அரக்கோணம், விழுப்புரம் என்று ரயிலாலேயே பெயர் பெற்ற ஊர்கள் இருக்கின்றன அல்லவா, அந்த மாதிரி ஊர் அது. வீட்டுக்கு ஒருவர் ரயில்வேயில் இருப்பார்.

அந்த ஊர்க்காரர் ஜிம்மி ராட்ஜர்ஸ். ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்தவர். காசநோய் வந்து அந்த வேலையை விட வேண்டியதாயிற்று. வேறு பிழைப்பு தெரியாமல் கிடாரை எடுத்துக்கொண்டு பாடப் புறப்பட்டார். முதல் இசைத்தட்டுக்குப் பாடியபோது அவருக்கு 30 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. இறந்தபோது வயது 35. இடையில் முழுதாக ஆறு ஆண்டு கூட இல்லை. அதற்குள் சுமார் 110 பாட்டுகள் பதிவு செய்துவிட்டார். ‘கன்ட்ரி மியூசிக்’ என்று அமெரிக்காவில் வழங்கும் நாட்டுப்புறப் பாட்டுக்குத் தந்தை என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. ஜிம் ரீவ்ஸ் பாட்டை ரேடியோவில் கேட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த வழிப் பாடகர்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்தவர் இந்த பிரேக்மேன்தான்.

கேங் மேஸ்திரி மகன்

1897 செப்டம்பர் 8ந் தேதி பிறந்தார். தகப்பனார் ஆரன் ராட்ஜர்ஸ், மொபைல் அண்டு ஓஹையோ ரயில்வேயில் கேங் மேஸ்திரி. தண்டவாளம் எங்கே கெட்டதோ அங்கே ஆட்களோடு முகாம் போக வேண்டிய வேலை. வீட்டில் தங்குவது அபூர்வம். பையனுக்கு ஐந்தாறு வயது இருக்கும்போதே தாயார் காலமாகிவிட்டார். பிறகு உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தான். தாயின் சகோதரி ஒருவர்தான் அவனைப் பரிவோடு பார்த்துக்கொண்டவர்.

படிப்பில் மனம் ஒட்டவில்லை. கடைத்தெரு, மாமனின் முடிதிருத்தும் கடை, நாடகக் கொட்டகை இவைதான் பள்ளிக்கூடம். 13 வயது வாக்கில் ஊரில் நடந்த பாட்டுப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பாடிக் கூட்டம் சேர்த்து மருந்து விற்கும் கோஷ்டி ஒன்றோடு வீட்டைவிட்டு ஓடினான். சந்தையில் மோடி வித்தை காட்டி லேகியம் விற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வகைக் கோஷ்டிதான். அதற்கு முன்பே தானாக ஒரு கூடாரக் கச்சேரி நடத்திப் பார்த்ததும் உண்டாம். வீட்டுப் படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்துக் கூடாரம் போட்டான் என்றும், இன்னொரு தடவை தகப்பனார் கணக்கில் கடனாக நிஜக் கூடாரமே வாங்கிவிட்டான் என்றும் ஊரில் கதை உண்டு.

தகப்பனார் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். பள்ளிக்கூடம் போகிறாயா, ரயில் வேலைக்கு வருகிறாயா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பையன் ரயிலைத் தேர்ந்தெடுத்தான்.

கேங்கில் தண்ணீர் சுமக்கும் வேலை. கொளுத்தும் வெயிலில் தண்டவாளம் தூக்கும் ஆட்களுக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். ஆட்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர். ஒரு தண்டவாளத்தைப் பத்துப் பேர் கடப்பாரை போட்டு நெம்பும்போது எல்லோருடைய பலமும் ஒரே நொடியில் விழ வேண்டும். அதற்காக ஒருவர் பாட்டெடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுத்து நெம்புவார்கள். நம் கேங்மேன்களும் ஐலசா போட்டுத்தான் தண்டவாளம் தூக்கினார்கள். உழைக்கிறவன் எந்த தேசத்தில் இருந்தாலும் பாட்டில்லாமல் பாரம் நகராது போலும். சாப்பாட்டு வேளையில் அவர்கள் பான்ஜோவும் கிடாரும் மீட்டுவார்கள். தண்ணீர்ப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டான். அவர்களுடைய ‘ப்ளூஸ்’ பாட்டும் அங்கே காதில் ஏறியதுதான். ஓர் அடியைப் பாடி, அதையே இன்னொரு முறை பாடி, மூன்றாவது அடியில் முடித்துவைக்கும் சோகப் பாட்டு அது.

சொல்லிக் கொடுத்த அந்தத் தொழிலாளர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ராட்ஜர்ஸின் பாட்டுக்குப் பாதி முதல் அவர்கள் போட்டது. லாபத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது.

பிரேக்மேன் உத்தியோகம்

பின்னர் நியூ ஆர்லியன்ஸ் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயில் பிரேக்மேன் வேலை கிடைத்தது. மூத்த அண்ணன் அதே பாதையில் கண்டக்டர். அமெரிக்காவில் வண்டிக்குக் கார்டு மாதிரி இருப்பவருக்குக் கண்டக்டர் என்று பெயர். அவர் சிபாரிசில் கிடைத்த வேலை. மெரிடியனுக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கும் இடையே ஓட்டம்.

பிரேக்மேன் என்ற பெயர் பழைய காலத்தில் வந்தது. அப்போது ஓடும் சரக்கு வண்டியின் கூரைமேல் நடந்துபோய், பெட்டி பெட்டியாகச் சக்கரத்தைத் திருகி பிரேக் போடுவார்கள். கால் வழுக்கி விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். ராட்ஜர்ஸ் காலத்தில் காற்று பிரேக் வந்துவிட்டது. ஆனாலும் கூரைமேல் ஏறி நடப்பது அடியோடு போய்விடவில்லை. பெட்டிகளைக் கோப்பது, அவிழ்ப்பது, பாயிண்ட் திருப்புவது, வண்டி நடுவழியில் நின்றால் லாந்தரும் கொடியுமாகப் பின்னால் ஓடிப்போய்க் காவல் நிற்பது எல்லாம் பிரேக்மேன் தலையில்தான். மழை, குளிர், எஞ்சின் புகை எதற்கும் விடுப்பு இல்லை. சரக்கு குறைந்தால் சீனியாரிட்டி குறைந்தவருக்கு வேலை இல்லை. ராட்ஜர்ஸ் இந்தக் கடைசி வரிசையிலேயே பல வருஷம் கிடந்தார். ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் வீட்டில்.

சரக்கு வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறிப் பிழைப்புத் தேடிப் போகும் ஆட்களை அவர் தினமும் பார்த்தார். விதிப்படி இறக்கிவிட வேண்டியவர் அவர். பிற்காலத்தில் அவருக்குப் பெரும்புகழ் தந்த பாட்டுகளில் ஒன்று, அப்படி இறக்கிவிடப்பட்டு, கையில் காசில்லாமல், சொந்த ஊருக்குப் போக வண்டிக்குக் காத்திருக்கும் ஒருவனைப் பற்றியதுதான். இறக்கிவிட்ட கையால் எழுந்த பாட்டு என்பதாலோ என்னவோ, அதில் பொய் இல்லை.

குடும்ப வாழ்க்கை சுலபமாக அமையவில்லை. 1917ல் செய்துகொண்ட முதல் மணம் சீக்கிரமே முறிந்தது. 1920 ஏப்ரலில் ஒரு பாதிரியாரின் மகளான கேரி வில்லியம்சனை மணந்தார். 1921ல் அனிதா என்ற பெண் பிறந்தது. 1923ல் பிறந்த இரண்டாவது பெண் ஜூன், அந்த வருஷ டிசம்பரிலேயே இறந்துவிட்டது. அப்போது ராட்ஜர்ஸ் வெளியூரில் இருந்தார். ஊர் திரும்பக் காசில்லாமல் பான்ஜோவை அடகு வைத்துவிட்டு வந்தார் என்பார்கள்.

மறு வருஷம் இருமலில் ரத்தம் வந்தது. காசநோய் என்று டாக்டர்கள் உறுதி செய்தார்கள். வயது 27.

காற்றைத் தேடி

அந்நாளில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு இவ்வளவுதான் வைத்தியம். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943ல். ராட்ஜர்ஸ் இறந்து பத்து வருஷம் கழித்து. நோய் என்று தெரிந்த பிறகும் ஓய்வெடுக்க வீட்டில் அரிசி இருக்க வேண்டுமே. சில காலம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு எழுந்து வந்து மறுபடி கூடாரக் கச்சேரிகளில் பாடினார். ஒரு கூடாரத்தைப் புயல் அடித்துக்கொண்டு போயிற்று. கடல்காற்று நல்லது என்று ப்ளோரிடா போய் அங்கே ரயில்வேயில் கொஞ்ச நாள் பிரேக்மேன் வேலை பார்த்தார். வறண்ட காற்று நல்லது என்று மேற்கே அரிசோனாவில் டூசான் ஊருக்குப் போய் சதர்ன் பசிபிக் ரயில்வேயில் பாயிண்ட் திருப்பும் வேலை பார்த்தார். எங்கேயும் நிலைக்கவில்லை. உடம்பும் தேறவில்லை. ரயில்வே வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

1927 தொடக்கத்தில் மலைக்காற்றை நாடி வட கரோலினாவில் ஆஷ்வில் ஊருக்கு வந்தார். அங்கே ஒரு வானொலி நிலையம் புதிதாகத் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 18ந் தேதி அதில் பாடினார். பிறகு பிரிஸ்டல் பக்கத்து இளைஞர் கோஷ்டி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, கோஷ்டிக்குத் தம் பெயரை வைத்துச் சில மாதம் பாடினார். பெரிய வருமானம் இல்லை.

பிரிஸ்டல் என்பது ஒரு வேடிக்கையான ஊர். டென்னசி மாநிலத்துக்கும் வர்ஜீனியா மாநிலத்துக்கும் எல்லைக்கோடு அதன் கடைத்தெரு நடுவிலேயே போகிறது. 1927 ஜூலை கடைசியில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனியின் ரால்ப் பீர் என்பவர், தெருவின் டென்னசிப் பக்கத்தில் ஒரு தொப்பிக் கிட்டங்கி மாடியில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கினார். மலைநாட்டுப் பாடகர்களைத் தேடி வந்திருந்தார். செய்தி தெரிந்ததும் ராட்ஜர்ஸ் கோஷ்டியோடு ஓடினார். பீர் பாட்டுக் கேட்டுச் சம்மதித்தார். அன்றிரவு கோஷ்டிக்குள் சண்டை. தட்டில் யார் பெயர் போடுவது என்பதுதான் தகராறு. நமக்குத் தெரியாத கதையா? மேடை ஏறுமுன் நோட்டீசில் யார் பெயர் முதலில் என்று எத்தனை நாடக சபைகள் உடைந்திருக்கின்றன.

மறுநாள், ஆகஸ்ட் 4, ராட்ஜர்ஸ் தனி ஆளாகக் கிடாரோடு உள்ளே போனார். இரண்டு பாட்டு பாடினார். ஒன்று, முதல் உலகப் போரில் மாண்ட சிப்பாயின் காதலி பற்றியது. மற்றது பழைய தாலாட்டு. கையில் 100 டாலர் கிடைத்தது. அதே வாரத்தில் அதே மாடியில் கார்ட்டர் குடும்பத்தார் என்ற மூவரும் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். கன்ட்ரி இசையின் பிறந்த வீடு என்று பிரிஸ்டலைச் சொல்வது இந்த ஒரு வாரத்தை வைத்துத்தான்.

முதல் தட்டு அக்டோபரில் வெளியாகிச் சுமாராக விற்றது. கம்பெனியிடமிருந்து ஆள் வருவார் என்று ராட்ஜர்ஸ் காத்திருக்கவில்லை. காத்திருக்கும் அளவுக்குத் தமக்கு நாள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நவம்பரில் தாமே நியூயார்க் போய் ஒரு ஹோட்டலில் இறங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் வந்தேன், இன்னும் சில பாட்டு இருக்கிறது என்று பீருக்குப் போன் செய்தார். பீருக்கு வேண்டியது புதுப் பாட்டு. பழைய பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது, வருமானமும் கிடையாது. நவம்பர் 30ந் தேதி கேம்டன் ஊர் ஸ்டூடியோவில் நான்கு பாட்டு பதிவாயின. அதில் ஒன்றுக்குக் கம்பெனி ‘ப்ளூ யோடல்’ என்று பெயர் வைத்தது. 1928ல் வெளிவந்த அந்தத் தட்டு ஏறக்குறைய ஐந்து லட்சம் விற்றதாகக் கணக்கு.

யோடல் என்பது என்ன?

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை இடையர்கள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கூப்பிடும் முறை யோடல். நெஞ்சுக் குரலில் பாடிக்கொண்டே சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவி, உடனே கீழே இறங்குவது. அமெரிக்க மேடைகளில் அதை ஒரு வேடிக்கையாகச் சிலர் ஏற்கெனவே பாடி வந்தார்கள். ராட்ஜர்ஸ் அதைக் கொண்டுபோய்க் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டின் முடிவில் வைத்தார். மூன்று அடி சோகம், அப்புறம் சொல்லே இல்லாத ஒரு கூவல். தூரத்தில் இரவில் கேட்கும் எஞ்சின் ஊதல் மாதிரி அது இருந்தது என்று அக்காலத்து ரயில்காரர்கள் சொல்வார்களாம். அந்த உவமை மிகையில்லை. தட்டைக் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

ப்ளூ யோடல் வரிசையில் மொத்தம் 13 பாட்டுகள். எல்லாம் உயர்ந்த கருத்துள்ள பாட்டுகள் என்று சொல்ல முடியாது. துரோகம் செய்த பெண்ணைச் சுடுவேன் என்று மிரட்டுவதும், குடியும், சிறையும் அவற்றில் உண்டு. பாதிரியாரின் மகளான மனைவி என்ன நினைத்தாரோ. அதே மனிதர் அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் விட்டுவந்த வீட்டைப் பற்றியும் உருகிப் பாடினார். ஊரைவிட்டுப் பிழைக்கப் போன லட்சக்கணக்கான தென்பகுதிக் கூலிக்காரர்கள் வாங்கியது இந்தப் பாட்டுகளைத்தான். தட்டு ஒன்று 75 சென்ட். அந்தக் காலத்தில் அது சின்னக் காசில்லை.

ராட்ஜர்ஸுக்கு இசைக் குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. தாளமும் சில இடங்களில் தம் இஷ்டத்துக்கு நீட்டுவார், குறைப்பார். பக்கவாத்தியக்காரர்கள் திண்டாடுவார்கள். மனைவியின் அக்காள் எல்சி மக்வில்லியம்ஸ் மெரிடியனில் இசை ஆசிரியை. ஒலிப்பதிவுக்கு நாள் குறித்துவிட்டுப் பாட்டில்லாமல் தவித்தபோது இந்த மைத்துனிதான் எழுதி, மெட்டுப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டிக் கற்றுக் கொடுத்தார். பல பாட்டுகளுக்குத் தம் பெயரைக்கூடப் போடச் சொல்லவில்லை. தங்கை புருஷனுக்கு உடம்பு சரியில்லை, குடும்பம் பிழைக்கட்டும் என்ற எண்ணம். இப்படிப்பட்ட ஒருவர் எந்தக் குடும்பத்திலும் கிடைப்பது அரிது.

1929ல் கம்பெனி ‘பாடும் பிரேக்மேன்’ என்ற பத்து நிமிஷப் பேசும் படம் எடுத்தது. ரயில்வே தொப்பியும் உடையுமாக ஸ்டேஷன் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து மூன்று பாட்டு பாடுகிறார். முகத்தில் சிரிப்பு, உடம்பு மட்டும் உடைக்குள் தொங்குகிறது. அந்த உடையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியாதவரை, அந்த உடையிலேயே பார்க்க ஜனங்கள் காசு கொடுத்தார்கள்.

பணம் வந்தது, போனது. டெக்ஸாசில் கெர்வில் என்ற ஊர் காசநோயாளிகளுக்கு ஏற்ற காற்று உள்ளது என்று பெயர் பெற்றது. 1929ல் அங்கே பெரிய மாளிகை கட்டினார். கார்கள் வாங்கினார். கிடாரின் கழுத்தில் முத்துச் சிப்பியால் தம் பெயர் பதித்துக்கொண்டார். கிடாரின் முதுகில் நன்றி என்ற சொல் தலைகீழாக எழுதியிருக்கும். பாட்டு முடிந்ததும் கிடாரைப் புரட்டிக் காட்டினால் சபைக்கு அது நேராகத் தெரியும். கஷ்டம் என்று வந்தவர்களுக்குக் கணக்குப் பாராமல் கொடுத்தார். வறுமையில் வளர்ந்தவர்களில் இரண்டு வகை உண்டு. காசை இறுக்கிப் பிடிப்பவர் ஒரு வகை, வீசி எறிபவர் மற்றொரு வகை. ராட்ஜர்ஸ் இரண்டாவது வகை.

1930 ஜூலை 16ந் தேதி ஹாலிவுட்டில் ஒன்பதாவது ப்ளூ யோடல் பதிவாயிற்று. அதில் டிரம்பட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தவர் அவர் மனைவி லில். ஜாஸ் உலகின் மாமேதையும் ரயில் பாடகரும் சேர்ந்து செய்த தட்டு. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத மாநிலத்தில் பிறந்தவர் ராட்ஜர்ஸ். ஆனால் தட்டின் மேல் ஆம்ஸ்ட்ராங் பெயர் இல்லை. கேங் ஆட்களுக்கு நேர்ந்தது உலகப் புகழ் பெற்றவருக்கும் நேர்ந்தது.

நோயைப் பற்றியே பாட்டு

அதற்குள் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் முற்றியது. வேலை போனவன் தட்டு வாங்குவானா? விற்பனை படுத்துவிட்டது. 1931 தொடக்கத்தில் வறட்சியாலும் வேலையின்மையாலும் தவித்தவர்களுக்கு நிதி சேர்க்க, புகழ்பெற்ற ஹாஸ்ய நடிகர் வில் ராஜர்ஸ் சுற்றுப்பயணம் செய்தார். இவரும் அவரோடு போய்ப் பாடினார். பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இருவரும் உறவினர் இல்லை.

அதே ஜனவரி 31ந் தேதி சான் அன்டோனியோவில் அவர் பதிவு செய்த பாட்டு காசநோயைப் பற்றியது. தம் நோயைப் பற்றித் தாமே பாடினார். மயானத்தையும் மறைக்காமல் பாடினார். காசநோய் என்றால் அந்நாளில் வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நம் பக்கத்தில் மட்டும் என்ன? பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று மருந்துச் சீட்டை ஒளித்துவைத்த குடும்பங்கள் எத்தனை. ஒரு பாடகர் தம் நெஞ்சு அழுகுவதைத் தட்டில் பதித்துக் கடையில் விற்கவிட்டது புது விஷயம். மறு வருஷம் அந்த நோயை அடித்து விரட்டிவிடுவேன் என்று வேறொரு பாட்டும் பாடினார். முதல் பாட்டை நம்பிப் பாடியது தெரிகிறது. இரண்டாவதில் வீறாப்புத்தான் இருக்கிறது.

டாக்டர்கள் பாடக்கூடாது என்றார்கள். பாடாவிட்டால் வருமானம் இல்லை. கெர்வில் மாளிகையைப் பராமரிக்க முடியாமல் விட்டுவிட்டு சான் அன்டோனியோவில் சிறு வீட்டுக்கு வந்தார்கள். 1932ல் முதல் மனைவி வழக்குப் போட்டார். அந்த மணத்தில் பிறந்த பெண்ணுக்கு மாதாமாதம் பணம் கட்டும்படி தீர்ப்பாயிற்று. தகப்பனைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் அத்தனை பாட்டுப் பாடியவர், அந்தப் பெண்ணுக்குத் தகப்பனாக இருந்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி ஒலிப்பதிவு

1933 மே மாதம். எழுந்து நிற்க வலுவில்லாத நிலையில் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறி நியூயார்க் போனார். துணைக்கு ஒரு நர்ஸ். மனைவியும் பெண்ணும் ஊரில் தங்கினார்கள். தாம் போன பிறகும் தட்டுகள் விற்று அவர்களுக்குக் காசு வர வேண்டும், அதற்காக எத்தனை பாட்டு முடியுமோ அத்தனையும் பாடிவிட வேண்டும் என்பதுதான் அந்தப் பயணத்தின் நோக்கம்.

மே 17ந் தேதி வேலை தொடங்கியது. ஸ்டூடியோவில் அவருக்காக ஒரு கட்டில் போட்டார்கள். ஒரு பாட்டு பாடுவார், போய்ப் படுப்பார். மூச்சு நிதானப்பட்டதும் எழுந்து வந்து அடுத்த பாட்டு. நடுவில் சில நாள் எழவே முடியவில்லை. 24ந் தேதி கடைசியாக வந்து நான்கு பாட்டு பாடினார். மூன்றுக்கு வேறு கிடார்க்காரர்கள் உடன் வாசித்தார்கள். நான்காவதை, பிரிஸ்டல் மாடியில் முதல் நாள் பாடியது போலவே, தாம் மட்டும் தம் கிடாரோடு பாடினார். ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஒரு டஜன் பாட்டு. அந்தத் தட்டுகளைக் கேட்டால் குரலில் இளைப்பு தெரியும். யோடல் மட்டும் உடையவில்லை.

மறுநாள் கொஞ்சம் தெம்பாக இருக்கவே, கோனி தீவுக் கடற்கரையைப் பார்க்கப் போனார். திரும்பும் வழியில் இருமல் பிடித்துக்கொண்டது. அன்றிரவு ஹோட்டல் அறையில் நுரையீரலில் ரத்தம் பெருகி, நள்ளிரவு தாண்டி, மே 26ந் தேதி உயிர் பிரிந்தது.

உடலை ரயிலில் மெரிடியனுக்குக் கொண்டுவந்தார்கள். சாமான் பெட்டியில் சவப்பெட்டி. அவர் பல வருஷம் லாந்தர் பிடித்து நின்ற அதே ஜங்ஷனை வண்டி நெருங்கும்போது, டிரைவர் எஞ்சின் ஊதலை வழக்கமான ஊதலாக இல்லாமல் தாழ்ந்த குரலில் இழுத்து இழுத்து ஊதிக்கொண்டே ஸ்டேஷனுக்குள் வந்தார் என்று மெரிடியன் மக்கள் பேரப் பிள்ளைகளுக்கும் சொல்லி வந்தார்கள். ஓக் குரோவ் கல்லறையில், குழந்தை ஜூனை அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

தட்டுகள் போன ஊர்கள்

கேரி கணவரின் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதி 1935ல் வெளியிட்டார். எர்னஸ்ட் டப் என்ற டெக்ஸாஸ் இளைஞர், ராட்ஜர்ஸ் மேல் பக்தி கொண்டவர், அவர் வீட்டைத் தேடி வந்தபோது, கேரி கணவரின் கிடாரையே அவரிடம் கொடுத்துப் பாடச் சொன்னார். எர்னஸ்ட் டப் பின்னர் பெரிய பாடகரானார். சினிமாவில் குதிரை ஏறிப் பாடிப் புகழ் பெற்ற ஜீன் ஆட்ரி, ரயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவர். ஆரம்பத்தில் ராட்ஜர்ஸைப் போலவே பாடிப் பிழைத்தார். 1969ல் ராட்ஜர்ஸ் பாட்டுகளை இரட்டைத் தட்டாகப் பாடி வெளியிட்ட மெர்ல் ஹேகர்ட், ரயில்வே தச்சரின் மகன். பழைய சரக்குப் பெட்டியை வீடாக்கி வாழ்ந்த குடும்பம் அது.

அவர் தட்டுகள் கடல் தாண்டியும் போயின. நம் இந்தியாவில் ‘ட்வின்’ முத்திரையில் வெளிவந்தன. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக் கிப்சிகிஸ் மக்களிடம் சாவி கொடுக்கும் கிராமபோன் வழியாக அவர் குரல் போய்ச் சேர்ந்தது. 1950ல் ஹ்யூ ட்ரேசி என்ற ஆராய்ச்சியாளர் அங்கே பாட்டுகளைப் பதிவு செய்யப் போனபோது, அந்த ஊர்ப் பெண்கள் ‘செமிரோச்சா’ என்ற ஒருவனைப் பற்றிப் பாடினார்கள். பாதி மனிதன், பாதி மான். ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பெயர்தான் அவர்கள் நாக்கில் அப்படி ஆகியிருந்தது. தட்டில் கேட்ட குரலுக்கு அவர்களாக ஓர் உருவம் கொடுத்துக்கொண்டார்கள்.

இறந்து 20 ஆண்டு நிறைந்த 1953 மே 26ந் தேதி மெரிடியனில் நினைவுச் சின்னம் திறந்தார்கள். பக்கத்தில் ஒரு நீராவி எஞ்சினையும் நிறுத்தினார்கள். 1961ல் கன்ட்ரி இசைக்கான புகழ் மண்டபம் தொடங்கியபோது முதலில் இடம்பெற்ற மூவரில் ராட்ஜர்ஸ் ஒருவர். அந்த வருஷக் கடைசியில் கேரி காலமானார்.

1978 மே மாதம் அமெரிக்கத் தபால் இலாகா அவர் படம் போட்டு 13 சென்ட் தபால்தலை வெளியிட்டது. கையில் கிடார், பின்னால் எஞ்சின், உடம்பில் பிரேக்மேன் உடை.